ஓடினால் தசை கரைந்துவிடுமா? – வாசகர் கேள்வி, பதில்

ஓட்டத்தையும் எடைப் பயிற்சியையும் ஒரே காலத்தில் செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழுக்கெனத் தொகுத்திருக்கிறோம். ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்தும் நீளமானவற்றைச் சுருக்கியும் தந்திருப்பதை எழுதியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 29. இரண்டு ஆண்டுகளாக வாரத்தில் நான்கு நாள் ஜிம்முக்குப் போகிறேன். உடல் ஓரளவு தேறியிருக்கிறது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதே என்று அண்மையில் வாரம் மூன்று நாள் ஓடவும் தொடங்கினேன். ‘இப்படி ஓடினால் சேர்த்த தசையெல்லாம் கரைந்துவிடும்’ என்று உடன் பயிற்சி செய்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். ஓட்டத்தை நிறுத்திவிடட்டுமா?

நிறுத்த வேண்டாம். ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்வதை வெறும் ஜிம் வதந்தி என்று தள்ளிவிடவும் முடியாது, ஏனெனில் அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்க உடலியல் ஆய்வாளரான ராபர்ட் ஹிக்சன் 1980-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் ஒரு குழுவினர் வாரத்துக்கு 5 நாள் கால்களுக்கான எடைப் பயிற்சி மட்டும் செய்தார்கள். இன்னொரு குழுவினர் வாரத்துக்கு 6 நாள், நாளொன்றுக்குச் சுமார் 40 நிமிடம், சைக்கிளும் ஓட்டமுமாகத் தாங்குதிறன் பயிற்சி மட்டும் செய்தார்கள். மூன்றாவது குழு இந்த இரண்டையும் முழு அளவில் செய்தது. 10 வாரம் நடந்த இந்த ஆய்வில், எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களின் கால் வலிமை கடைசிவரை ஏறிக்கொண்டே போனது. இரண்டையும் செய்தவர்களின் வலிமையோ ஏறத்தாழ ஏழாவது வாரம் வரை ஏறி, அங்கேயே நின்று, கடைசி இரண்டு வாரங்களில் இறங்கவும் செய்தது. அவர்களுடைய மூச்சுத் திறனின் வளர்ச்சிக்கு மட்டும் எந்தக் குறையும் ஏற்படவில்லை. ‘குறுக்கீட்டு விளைவு’ என்று விளையாட்டு அறிவியலில் இன்றுவரை பேசப்படுவது இங்கிருந்து தொடங்கியதுதான்.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர், அதில் பங்கேற்றவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு 11 அமர்வுகள். ஓட்ட நாளில் முடிந்தவரை வேகமாக ஓட வேண்டும். சைக்கிள் நாளில் மூச்சு முட்டும் அளவுக்கு இடைவெளி விட்டு விட்டு மிதிக்க வேண்டும். எடைப் பயிற்சியும் தூக்க முடிந்த அளவுக்குக் கனமாகவே இருந்தது. கால்களுக்கு ஒரு நாள்கூட இலகுவான நாளாக அமையவில்லை. உங்களுடைய நான்கு நாள் எடையும் மூன்று நாள் ஓட்டமும் அந்தச் சுமைக்கு அருகில்கூட வராது.

பின்னர் வந்த உயிர்வேதியியல் ஆய்வுகள் இந்தப் பயத்துக்கு இன்னொரு தூணைக் கொடுத்தன. எடை தூக்கும்போது தசைச் செல்லுக்குள் ‘எம்டார்’ எனப்படும் சமிக்ஞைப் பாதை தூண்டப்பட்டுப் புரத உற்பத்தி கூடுகிறது. நெடுநேரம் ஓடும்போது செல்லின் ஆற்றல் இருப்புக் குறைந்து, ‘ஏ.எம்.பி.கே.’ என்னும் நொதி விழித்துக்கொண்டு, செலவு பிடிக்கும் வேலைகளைத் தள்ளிவைக்கச் சொல்கிறது. அப்படித் தள்ளிவைக்கப்படுபவற்றுள் புரத உற்பத்தியும் ஒன்று. ஆய்வுக்கூடத்து விலங்குகளின் தசையில் இந்த எதிரெதிர் நிலை தெளிவாகத் தெரிகிறது என்றாலும், நன்றாகச் சாப்பிட்டு, அளவாக ஓடும் மனிதரின் உடலில் அது அவ்வளவு கறாராக நடப்பதில்லை. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, இரண்டையும் செய்வதால் தசையின் பருமனுக்கோ உச்ச வலிமைக்கோ குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை என்றும், வெடிப்பாகத் தாவுவது, விரைந்து உந்துவது போன்ற திறன்களில் மட்டும் சற்றுக் குறைவு தெரிகிறது என்றும் சொன்னது. அதே ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பாய்வு, தசை நார்களின் அளவில் சிறியதொரு குறைவு உண்டு என்றும், அது சைக்கிளைவிட ஓட்டத்தில் கூடுதல் என்றும் கண்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், மேடையேறிப் போட்டியிடும் உடற்கட்டு வீரருக்கு இந்தச் சிறு வேறுபாடு பொருட்டாக இருக்கலாம். மாடி ஏறும்போது மூச்சு வாங்கக் கூடாது என்று விரும்பும் உங்களுக்கு அப்படி இல்லை.

ஓடத் தொடங்கிய பிறகு உடல் இளைத்துப் போனதாக என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் ஜிம் நோட்டைத்தான் கேட்பேன். பெரும்பாலும் அதிலேயே விடை இருக்கும்: ஓடிய கால்களோடு ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்வதால் தூக்கும் எடை மெல்ல மெல்லக் குறைக்கப்பட்டிருக்கும், நான்கு செட் (இடையே ஓய்வு விட்டுச் செய்யும் சுற்று) மூன்றாகி மூன்று இரண்டாகியிருக்கும். கூடவே, ஓட்டத்தில் செலவான ஆற்றலுக்கு ஈடாகச் சாப்பாடு கூடியிருக்காது. விடியற்காலை ஓட்டத்துக்காக எழுந்தவர், இரவு படுக்கும் நேரத்தை முன்னே தள்ளியிருக்க மாட்டார். தசை போவது இந்த மூன்று வழிகளில்தான். எனவே நீங்கள் செய்ய வேண்டியது, ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ, எத்தனை முறை, எத்தனை செட் என்று எழுதி வைப்பது. ஓடத் தொடங்கிய பின் நான்கைந்து வாரங்களில் கால் பயிற்சிகளின் எண்கள் இறங்காமல் இருந்து, உடல் எடையும் குறையாமல் இருந்தால், யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. மார்பு, தோள், முதுகு, கை ஆகியவற்றைப் பற்றி எந்த நிலையிலும் பயம் வேண்டாம். ஓட்டத்தின் சுமை விழுவது இடுப்புக்குக் கீழேதான்.

மூன்று ஓட்டங்களில் இரண்டு, பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் இருக்கட்டும். ஒன்று மட்டும் வேகமாக இருக்கலாம். புதிதாக ஓடுகிறவர்கள் மூன்றையும் ஒரே நடுத்தர வேகத்தில், கொஞ்சம் மூச்சு வாங்க ஓடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். அது இலகுவும் ஆகாது, கடினமும் ஆகாது. களைப்பு மட்டும் மிஞ்சும்.

கேள்வி: எனக்கு ஒரே நாளில்தான் இரண்டையும் செய்ய நேரம் கிடைக்கிறது. முதலில் ஓடிவிட்டு எடை தூக்குவதா, எடை தூக்கிவிட்டு ஓடுவதா?

தசையும் வலிமையும் உங்கள் முதல் நோக்கமானால் எடையை முதலில் வையுங்கள். பந்தய நேரத்தைக் குறைப்பதுதான் நோக்கமானால் ஓட்டம் முதலில் வரட்டும். ‘எது முக்கியமோ அது களைப்பில்லாத உடலுக்கு’ என்பதற்கு மேல் இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

ஓடிவிட்டு வந்து ஸ்குவாட் செய்கிறவரைப் பக்கவாட்டில் நின்று கவனித்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். முதல் செட் ஒழுங்காகத்தான் போகும். இரண்டாவதில் இறங்கும் ஆழம் இரண்டு விரற்கடை குறையும். செய்பவருக்கு அது தெரியாது. மூன்றாவதில் எழும்போது மார்பு எழுவதற்கு முன் இடுப்பு எழுந்துவிடும், முழங்கால்கள் உள்பக்கமாகச் சாயும், குதிகால் தரையைவிட்டு நூலிழை தூக்கும். தொடை செய்ய வேண்டிய வேலை கீழ் முதுகுக்கு மாறிவிடும். தசையும் வளராது, முதுகும் நோகும்.

முடிந்தால் இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ரக்பி ஆட்டக்காரர்களைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வில், இடைவெளியே இல்லாமல் செய்தவர்களைவிட 6 மணி நேரம் விட்டவர்களும், அவர்களைவிட 24 மணி நேரம் விட்டவர்களும் நல்ல பலன் பெற்றார்கள். இடைவெளிக்கு வழியே இல்லை, ஜிம்மிலிருந்து நேராக ட்ரெட்மில்லில்தான் ஏற வேண்டும் என்றால், மேலுடல் பயிற்சி செய்யும் நாளோடு ஓட்டத்தைச் சேர்த்துவிடுங்கள். கால் பயிற்சி நாளை ஓட்டம் இல்லாத நாளாக விடுங்கள். எடை தூக்குவதற்கு முன் உடலைச் சூடாக்க ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓடுவது இந்தக் கணக்கில் வராது. அதைத் தாராளமாகச் செய்யலாம்.

கேள்வி: லெக் டேக்கு மறுநாள் தொடை வலியில் படி இறங்கக்கூட முடிவதில்லை. இந்த வலியோடு ஓடலாமா? வாரத்தை எப்படிப் பிரித்துக்கொண்டால் இந்தத் தொல்லை குறையும்?

நீங்கள் சொல்லும் வலி, பயிற்சி முடிந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மெல்லத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், தானாக அடங்குவது. தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும் அசைவுகள்தான் இதைக் கிளப்புகின்றன: ஸ்குவாட்டில் கீழே இறங்கும் பாதி, லஞ்ச்சில் முன்காலை ஊன்றித் தாழும் கணம், படி இறங்குவது, சரிவில் இறங்கி ஓடுவது. படி ஏறும்போது இல்லாத வலி இறங்கும்போது வருவதற்கு இதுவே காரணம். இந்த வலியோடு சமதளத்தில் மெதுவாக 20, 30 நிமிடம் ஓடுவதில் தவறில்லை. ஓடிய பிறகு கால் இலகுவானதாகக்கூடத் தோன்றும். சரிவான பாதையையும் வேக ஓட்டத்தையும் மட்டும் அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள். ஓடும்போது உங்கள் காலடி ஓசையைக் கேளுங்கள். வழக்கமாக மெல்லென்று விழும் பாதம் தட்தட்டென்று அறையத் தொடங்கினால், தசை அதிர்ச்சியைத் தாங்கும் வேலையை விட்டுவிட்டது, அது மூட்டுக்கும் எலும்புக்கும் போகிறது என்று பொருள். அங்கேயே நடைக்கு மாறிவிடுங்கள்.

இரண்டு காலிலும் பரவலாக, மந்தமாக இருக்கும் வலி வேறு. ஒரு காலில் மட்டும், ஒரே இடத்தில், விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடியதாக இருக்கும் வலி வேறு. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் அப்படியொரு புள்ளி இருந்து, ஓட ஓட வலி கூடினால், அது எலும்பில் ஏற்படும் மயிரிழை முறிவின் தொடக்கமாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

ஒரே பயிற்சியைத் தொடர்ந்து செய்தால் சில வாரங்களில் இந்த மறுநாள் வலி தானாகவே பெருமளவு குறையும். வாரந்தோறும் புதுப்புதுக் கால் பயிற்சிகளைத் தேடிச் செய்கிறவர்களுக்குத்தான் அது தீராத தொல்லையாகிறது. ‘வலி வந்தால்தான் தசை வளரும்’ என்ற நம்பிக்கையை நான் எத்தனை முறை மறுத்துச் சொன்னாலும் அது சாவதில்லை.

வாரப் பிரிவுக்கு வருவோம். நான்கு நாள் எடை, மூன்று நாள் ஓட்டம், நோக்கம் தசை என்று வைத்துக்கொண்டால், நான் பரிந்துரைப்பது இது: திங்கள் கால்களுக்கான கனமான பயிற்சி, செவ்வாய் மேலுடல், அது முடிந்ததும் அரை மணி நேர மெது ஓட்டம், புதன் வேக ஓட்டம் மட்டும், வியாழன் மீண்டும் மேலுடல், வெள்ளி மீண்டும் கால், சனி நீண்ட, ஆனால் மெதுவான ஓட்டம், ஞாயிறு முழு ஓய்வு. இதில் திங்களும் வெள்ளியும் கால்கள் புத்துணர்வோடு ஜிம்முக்கு வருகின்றன என்பதைக் கவனியுங்கள். திங்களுக்கு முன் ஓய்வு நாள். வெள்ளிக்கு முன் கால்களுக்கு வேலை இல்லாத வியாழன். சனிக்கிழமை ஓட்டம் மட்டும் களைத்த காலோடு நடக்கும், அதன் வேகம் குறையத்தான் செய்யும். தசை முதன்மை என்று முடிவெடுத்த பிறகு அந்த நட்டத்தை ஓட்டத்தின் பக்கம் எழுதுவதே முறை. வெள்ளியின் வலி கடுமையாக இருந்தால் சனிக்கிழமை தூரத்தைப் பாதியாக்குங்கள். குற்ற உணர்வு தேவையில்லை.

ஒரு தசைக்கு வாரத்துக்கு 10 செட்டுக்கு மேல் செய்வது வளர்ச்சிக்கு நல்லது என்பது பொதுவான அளவு. ஓட்டம் புதிதாகச் சேர்ந்த முதல் ஒரு மாதத்துக்குக் கால்களுக்கு மட்டும் அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு, உடல் பழகிய பின் பழைய அளவுக்குத் திரும்பலாம்.

கேள்வி: என் எடை 70 கிலோ. வாரத்துக்கு 25 கிலோமீட்டர் ஓடுகிறேன், மூன்று நாள் எடை தூக்குகிறேன். தசை கூட வேண்டும் என்பதற்காகத் தினமும் சற்றுக் கூடுதலாகவே சாப்பிடுகிறேன். ஆனாலும் பல மாதங்களாக எடை அசையவே இல்லை. என்ன காரணம்?

காரணம் கணக்கில் இருக்கிறது. ஓட்டத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகும். வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. உங்களுக்கு 70-ஐ 25-ஆல் பெருக்கினால் வாரத்துக்கு 1,750 கிலோ கலோரி, நாளொன்றுக்கு 250. தசை கூட வேண்டும் என்று பொதுவாக மக்கள் கூடுதலாகச் சாப்பிடுவதும் 250, 300 என்ற அளவில்தான். ஆக நீங்கள் கூடுதலாகச் சாப்பிட்டதை ஓட்டமே எடுத்துக்கொண்டுவிட்டது, தசைக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. ஓட்டத்துக்கான 250-ஐ முதலில் ஈடுகட்டி, அதற்கு மேல் 200 முதல் 300 வரை சேர்த்தால்தான் உடலில் ஏதாவது தங்கும்.

புரதம் உங்கள் எடைக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் நாளொன்றுக்கு 112 கிராம் வருகிறது. அதை ஒரே வேளையில் கொட்டாமல் நான்கு வேளையாகப் பிரித்தால், வேளைக்கு 28 கிராம். எடை தூக்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த எண் மனப்பாடம், அதில் குறை வைப்பதில்லை. அவர்கள் கோட்டைவிடுவது மாவுச்சத்தில். கொழுப்புக் கூடிவிடும் என்று மாவுச்சத்தைச் சுருக்கிக்கொண்டு ஓடவும் செய்தால், தசையில் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் தீர்ந்துபோய், மறுநாள் எடையும் எழாது, ஓட்டமும் ஓடாது. நீண்ட ஓட்டம் ஓடிய அன்றும் கால் பயிற்சிக்கு முந்தைய வேளையிலும் மாவுச்சத்துக்குத் தட்டில் தாராளமாக இடம் கொடுங்கள். வெறும் வயிற்றில் ஓடுவது அரை மணி நேர மெது ஓட்டத்துக்குப் பரவாயில்லை; வேக ஓட்டத்துக்கும் கால் பயிற்சிக்கும் கூடாது.

வாரத்துக்கு உடல் எடையில் 0.25 முதல் 0.5 விழுக்காடு வரை ஏறினால் போதும். உங்களுக்கு அது 175 முதல் 350 கிராம். காலையில் கழிப்பறை போய்வந்த பின் தினமும் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். நீண்ட ஓட்டம் முடிந்த கையோடு எடை பார்த்து இளைத்துவிட்டோமே என்று பதறாதீர்கள், போனது வியர்வை. கையில் கட்டிய கடிகாரம் ‘இன்று இத்தனை கலோரி எரித்தீர்கள்’ என்று சொல்வதை நம்பி அளவு பார்த்துச் சாப்பிடவும் வேண்டாம். அதைவிட மேலே சொன்ன பெருக்கல் கணக்கு நம்பகமானது.

கேள்வி: எனக்கு வயது 34. அரை மாரத்தான் ஓடுகிறேன். எடை தூக்கினால் உடல் கனத்து வேகம் குறைந்துவிடும் என்று பயிற்சிக் குழுவில் சிலர் சொல்கிறார்கள், உண்மையா? இன்னொன்று: ஓட்டத்தைக் கூட்டியதிலிருந்து மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. நிறைய ஓடுகிற பெண்களுக்கு இது சகஜம்தானே?

இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதுதான் அவசரமானது. நீங்கள் நினைப்பதுபோல இது கவலையின்றி விட்டுவிடக்கூடியது அன்று. கர்ப்பம், தைராய்டு போன்ற பிற காரணங்கள் இல்லை என்று உறுதியானால், உடல் செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உணவு வரவில்லை, ஆகவே உடனடித் தேவையற்ற வேலைகளை அது நிறுத்திவைத்திருக்கிறது என்பதே இதன் பொருள். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த ஆற்றல் பற்றாக்குறையை ஒரு தனி நிலையாக வரையறுத்தது. ஆண் வீரர்களையும் அது தாக்கும் என்று அப்போதே குறிப்பிட்டது. மாதவிடாய் நிற்பது கண்ணுக்குத் தெரிகிற அடையாளம். கண்ணுக்குத் தெரியாமல் எலும்பின் அடர்த்தியும் குறைந்துகொண்டிருக்கலாம், மயிரிழை முறிவுகளும் வரலாம். இந்த நிலையில் எத்தனை கனமான எடையைத் தூக்கினாலும் தசை வளராது. மகப்பேறு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள்; அதுவரை ஓடும் தூரத்தைக் குறைத்து, உணவைக் கூட்டுங்கள்.

முதல் கேள்வி எளிது. கனமான எடைப் பயிற்சி ஓட்டக்காரரின் வேகத்தைக் கூட்டுகிறதே அல்லாமல் குறைப்பதில்லை. 1999-இல் வெளிவந்த ஒரு பின்லாந்து ஆய்வில், தாங்குதிறன் வீரர்கள் 9 வாரம் தங்கள் பயிற்சியின் ஒரு பகுதியை விட்டுவிட்டு, அதற்குப் பதிலாகத் தாவுதல், வேக ஓட்டம், வெடிப்பாக எடை தள்ளுதல் ஆகியவற்றைச் செய்தார்கள். அவர்களுடைய ஆக்சிஜன் உள்ளிழுக்கும் உச்ச அளவு கூடவில்லை. ஆனால் 5 கிலோமீட்டர் ஓடும் நேரம் குறைந்தது. ஒவ்வொரு அடிக்கும் செலவாகும் ஆற்றல் மிச்சமாயிற்று என்பதே அதற்கான விளக்கம். நிறைய ஓடுகிறவருக்கு, அதிலும் வாரம் இரண்டு நாள் மட்டும் எடை தூக்குகிறவருக்கு, உடல் தடித்துப் போவது நடக்காத காரியம்; அப்படித் தடிக்க ஜிம்மில் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் தவம் கிடக்கிறார்கள். மருத்துவர் அனுமதித்த பின், ஸ்குவாட், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), ஒற்றைக் காலில் செய்யும் ஏதாவது ஒன்று, கெண்டைக்காலுக்கான குதிகால் உயர்த்தல் ஆகியவற்றை மூன்று மூன்று செட்டாக, செட்டுக்கு ஐந்தாறு முறை, இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திச் செய்யுங்கள்.

கேள்வி: ஓட்டத்துக்குப் பதிலாகச் சைக்கிள் மிதித்தால் தசைக்கு நல்லது என்கிறார்களே?

தசையை மட்டும் பார்த்தால் சரிதான். ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அதைத் தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டியிருக்கிறது. சைக்கிளில் அந்த மோதல் இல்லை, ஆகவே மீள்வதும் விரைவு. கால் பயிற்சிக்கு மறுநாள் இதயத்துக்கு வேலை கொடுக்க சைக்கிள் நல்ல வழி. ஆனால் எலும்புக்கு அந்த மோதல் தேவையும்கூட. ஓட்டம் பிடித்தவர் ஓடட்டும்.

கேள்வி: எனக்கு வயது 57. பல ஆண்டுகளாக வாரம் ஐந்து நாள் ஓடுகிறேன். ஓட்டமே போதும் என்றிருந்தேன். மருத்துவர் எடைப் பயிற்சியும் செய்யச் சொல்கிறார். இந்த வயதில் தொடங்கினால் பலன் இருக்குமா?

இருக்கும். முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைந்துவருகிறது. அறுபதை நெருங்கும்போது அந்த வேகம் கூடுகிறது. ஓட்டம் இதயத்தைக் காப்பதுபோல இந்த இழப்பைத் தடுப்பதில்லை. மேலுடலுக்கு அதனால் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. உங்களிடம் முதற்பாதி தாராளமாகவே இருக்கிறது.

ஐந்து ஓட்டங்களில் இரண்டை விட்டுவிட்டு அந்த இடத்தில் எடைப் பயிற்சியை வையுங்கள். ஏற்கெனவே உள்ள ஐந்தின் மேல் இரண்டை ஏற்ற வேண்டாம். இந்த ஒரு ஆலோசனையைத்தான் உங்கள் வயது ஓட்டக்காரர்கள் கேட்க மறுக்கிறார்கள். தசை சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும், ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு மாதங்கள் பிடிக்கும். தூக்க முடிகிறதே என்று எடையை விரைந்து ஏற்றினால் குதிகால் தசைநாணும் முழங்கால் தசைநாணும்தான் முதலில் முறையிடும். எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வயது கூடக் கூட, ஒரே அளவு புரதத்துக்குத் தசை காட்டும் எதிர்வினை குறைகிறது என்பதால் இளைஞரைவிட வேளைக்குச் சற்றுக் கூடுதலான புரதம் உங்களுக்குத் தேவை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

கேள்வி: நான்கு மாதத்தில் முழு மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். அதே நேரத்தில் தசையையும் கூட்டிக்கொள்ள முடியுமா?

புதிதாக எடை தூக்கத் தொடங்கியவராக இருந்தால் ஓரளவு முடியும், அவர்களுக்கு எது செய்தாலும் தசை கூடும். பழகியவராக இருந்தால் இந்த நான்கு மாதத்தில் இருப்பதைக் காப்பாற்றினாலே வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பாற்றுவது வளர்ப்பதைவிட மிக மலிவானது: இளம் வயதினருக்கு, வழக்கமான பயிற்சியில் ஒரு சிறு பங்கை வாரம் ஒரே ஒரு நாள் செய்தாலும், தூக்கும் எடையைக் குறைக்காதவரை தசை மாதக்கணக்கில் தங்கும். இதே சலுகை ஓட்டத்துக்கும் உண்டு. வாரம் ஆறு நாள் பயிற்சி செய்து பெற்ற மூச்சுத் திறனை, வேகத்தைக் குறைக்காமல் இரண்டே நாள் பயிற்சியில் பல வாரம் தக்கவைத்துக்கொள்ள முடிகிறது என்பது 1980-களிலேயே காட்டப்பட்டது. ஆகவே மாரத்தானுக்குப் பின் ஓட்டத்தை இரண்டு நாளாகச் சுருக்கிக்கொண்டு, மூன்று நான்கு மாதம் எடைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். பந்தயத்துக்கு முந்தைய பத்து நாளில் கனமான கால் பயிற்சி வேண்டாம். பந்தயம் முடிந்த இரண்டு வாரத்துக்கும் அப்படியே.

கேள்வி: கிரியேட்டின் எடுத்துக்கொண்டால் ஓட்டம் பாதிக்குமா?

நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் எடுத்துக்கொள்ளலாம். எடைப் பயிற்சிக்கு உதவும் என்று உறுதியாகத் தெரிந்த மிகச் சில துணைப்பொருள்களில் அதுவும் ஒன்று. தசைக்குள் நீர் சேர்வதால் தொடக்கத்தில் உடல் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறலாம், மேட்டில் ஓடும்போது அது தெரியும். நேரத்துக்கு எதிராக ஓடாதவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. புரதம் போதிய அளவு சாப்பிடுகிறவர் அமினோ அமிலப் பொடிகளுக்குத் தனியாகச் செலவிடுவது வீண்.

கேள்வி: ஓட்டத்துக்கு வாங்கிய ஷூவையே ஜிம்மிலும் போட்டுக்கொள்ளலாமா?

மேலுடல் பயிற்சிக்குப் போட்டுக்கொள்ளலாம். ஸ்குவாட்டுக்கும் டெட்லிஃப்ட்டுக்கும் வேண்டாம். ஓட்ட ஷூவின் அடியில் இருக்கும் மெத்தை, அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. தோளில் கனத்தை ஏற்றி நிற்கும்போது அதே மெத்தை அமுங்கிப் பாதத்தை ஆடவைக்கும். தட்டையான, கெட்டியான அடிப்பாகம் உள்ள எந்த ஷூவும் போதும். அதற்கென்று தனியாக வாங்க மனமில்லை என்றால், ஜிம்மில் அனுமதித்தால், அந்த இரண்டு பயிற்சிகளுக்கு மட்டும் ஷூவைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.